பரணில் கிடக்கும் மடிக்கணினியை வீட்டின் ஊடகக் களஞ்சியமாக்குதல்

பெங்களூர் அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் பரணில் இரண்டு பொருள்கள் நெடுநாளாகத் தூசி படிந்து கிடந்தன. ஒன்று, கீல் தளர்ந்து திரை ஆடத் தொடங்கியதால் ஓரங்கட்டப்பட்ட 2013ஆம் ஆண்டு மடிக்கணினி: மூன்றாம் தலைமுறை ஐ5 செயலியும் 4 ஜிபி ரேமும் கொண்டது. மற்றொன்று, நாமக்கல்லிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய அட்டைப்பெட்டி. அதில் பதினொரு விஎச்எஸ் நாடாக்களும் ஏறத்தாழ நாற்பது ஆடியோ கேசட்டுகளும் ஒரு கட்டு டிவிடிகளும் இருந்தன. இன்று அந்த மடிக்கணினி டிவி மேசையின் கீழ்த்தட்டில் மூடிய நிலையில் இரவும் பகலும் இயங்குகிறது. பெட்டியில் இருந்தவற்றில் பெரும்பகுதியை வரவேற்பறை டிவியிலும் கைப்பேசியிலும் பார்க்கவும் கேட்கவும் முடிகிறது. புதிதாக வாங்கியவை ஒரு சிறு எஸ்எஸ்டி, ஒரு 4 டிபி வெளிப்புற ஹார்டு டிஸ்க், இரண்டு யூஎஸ்பி கருவிகள் ஆகியவை மட்டுமே. மென்பொருள் அனைத்தும் கட்டற்ற மென்பொருள்.

பரிமாறுவதும் சமைப்பதும்

இதைத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் "எந்தச் செயலி வேண்டும், எவ்வளவு ரேம் வேண்டும்" என்ற கேள்வியில்தான் தொடங்குகிறார்கள். நான் கண்டவரை, அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: உங்கள் டிவி எந்த வடிவக் கோப்புகளைத் தானாகவே இயக்கும்? கோப்பின் வடிவம் டிவிக்கு ஏற்றதாக இருந்தால், சேவையகக் கணினி அதை வட்டிலிருந்து எடுத்து வலையமைப்பில் அனுப்புவதோடு அதன் வேலை முடிந்துவிடும். இலை போட்டு ஆக்கி வைத்ததைப் பரிமாறுவது போன்ற இந்த வேலையைப் பத்து ஆண்டுப் பழைய கணினி மூச்சு வாங்காமல் செய்யும். வடிவம் பொருந்தாவிட்டால், படம் ஓடும்போதே அதை வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டே அனுப்ப வேண்டியிருக்கும். டிரான்ஸ்கோடிங் எனப்படும் இது, பந்தியில் ஆள் உட்கார்ந்த பிறகு உலை வைப்பது போன்றது. செயலியின் முழு வலுவையும் அது கேட்கும்.

எச்.264 படமும் ஏஏசி ஒலியும் கொண்ட எம்பி4 கோப்பை இன்று விற்பனையில் உள்ள ஏறத்தாழ எல்லா டிவிகளும் கைப்பேசிகளும் உலாவிகளும் நேரடியாக இயக்கும். எச்.265 வடிவத்தை 4கே டிவிகள் பெரும்பாலும் ஏற்கும்; உலாவிகளில் அதற்கு உத்தரவாதம் இல்லை. டிவிடியில் உள்ள எம்பெக்-2 வடிவத்தை உலாவிகள் ஏற்பதில்லை. சில டிவிகள் டிடிஎஸ் ஒலியை இயக்குவதில்லை. ஆனால் ஒலியை மட்டும் மாற்றுவது இலகுவான வேலை என்பதால் அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

டிரான்ஸ்கோடிங்கைத் தவிர்க்கவே முடியாத வீடுகளுக்கு இன்டெல் செயலியின் தலைமுறை முக்கியமாகிறது. 2011இல் வந்த இரண்டாம் தலைமுறையிலிருந்தே வடிவமாற்றத்துக்கென்றே குயிக் சிங்க் என்னும் வன்பொருள் வசதி உண்டு, ஆயினும் எச்.265 வடிவத்தின் 8 பிட் வகையை ஆறாம் தலைமுறையும் 10 பிட் வகையை ஏழாம் தலைமுறையும்தான் முழுமையாகக் கையாளத் தொடங்கின. ஏவி1 வடிவத்தைப் படிக்கும் திறன் பதினொன்றாம் தலைமுறையில் வந்தது. ஆகவே என்னுடையதைப் போன்ற மூன்றாம் தலைமுறைக் கணினி வைத்திருப்பவர், கோப்புகள் யாவற்றையும் முன்கூட்டியே எச்.264க்கு மாற்றி வைத்துக்கொள்வதே நலம். இரவில் உறங்கும்போது அது தன்பாட்டுக்கு மாற்றிக்கொண்டிருக்கும். அங்கே அவசரம் ஏதும் இல்லை.

கையில் பழைய கணினியே இல்லை என்றால், எஸ்பி ரோடு இருக்கிறது. டவுன் ஹாலுக்கு அருகில் உள்ள இந்தத் தெருவிலும் அதன் சந்துகளிலும், அலுவலகங்கள் கழித்துக் கட்டிய சிறு டெஸ்க்டாப்கள் அடுக்கடுக்காக விற்பனைக்கு வருகின்றன. கனத்த அகராதி அளவே உள்ள இவற்றில் ஆறு அல்லது ஏழாம் தலைமுறைச் செயலி உள்ளதாகத் தேர்ந்தெடுத்தால் மடிக்கணினியைவிட வசதி. மின்சாரம் போய் வந்ததும் தானாக இயங்கத் தொடங்கும்படி, கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில் அமைத்துக்கொள்ளலாம். பேட்டரித் தொல்லையும் இல்லை. பெரிய பழைய டெஸ்க்டாப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் மின்கட்டணம்: 24 மணி நேரமும் இயங்கும் கருவி ஒவ்வொரு வாட்டுக்கும் மாதத்துக்கு 0.72 யூனிட் எடுக்கும். 15 வாட் எடுக்கும் மடிக்கணினிக்கு 10.8 யூனிட் ஆகும் இடத்தில், 60 வாட் எடுக்கும் டெஸ்க்டாப்புக்கு 43 யூனிட்டுக்கு மேல் ஆகிவிடும்.

வாங்கும்போதும் திறக்கும்போதும்

பழைய ஹார்டு டிஸ்க் வாங்குவதில் நான் ஒருமுறை ஏமாந்தேன். "அண்ணா, கொஞ்ச நாள்தான் ஓடியிருக்கு, பாக்ஸ் மட்டும்தான் இல்ல" என்று தமிழிலேயே பேசி ஒரு கடைக்காரர் கொடுத்த வட்டை வீட்டில் இணைத்து, வட்டு தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்த்தபோது, அது ஓடிய நேரம் 41,000 மணி என்று காட்டியது; அதாவது இடைவிடாமல் நாலேமுக்கால் ஆண்டுகளுக்குச் சற்று குறைவு. அன்றிலிருந்து வட்டு வாங்கப் போகும்போது லினக்ஸ் உள்ள பென்டிரைவும் ஒரு மடிக்கணினியும் என்னுடன் வரும். ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்னும் தொகுப்பில் உள்ள கட்டளை, வட்டின் உள்ளே பதிவாகியிருக்கும் வரலாற்றை ஒரு நொடியில் காட்டிவிடும். அதில் மூன்று எண்களைப் பார்த்தால் போதும்: 5ஆம் வரிசையில் உள்ள மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகள், 197ஆம் வரிசையில் உள்ள படிக்க இயலாமல் காத்திருக்கும் பகுதிகள், 9ஆம் வரிசையில் உள்ள ஓடிய மணி நேரம். முதல் இரண்டும் சுழியமாக இல்லாத வட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். கடைக்காரர் சோதிக்க விடாவிட்டால் அதையே விடையாக எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகலாம்.

மடிக்கணினியின் அடிமூடியைத் திறந்து விசிறியின் தூசியைத் தூரிகையால் நீக்குங்கள். செயலியின் மேல் உள்ள வெப்பப் பசை பல ஆண்டுகளில் காய்ந்து சுண்ணாம்புபோல் உதிரும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, மிளகு அளவு புதிய பசை வைத்தால் போதும். பேட்டரியை நன்கு கவனியுங்கள். தட்டுவிசைப் பலகையோ டச்பேடோ சற்று மேடிட்டிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். அதைக் குத்தாமல் அழுத்தாமல் கழற்றி, குப்பையில் போடாமல், மின்கழிவு சேகரிப்போரிடம் சேர்க்க வேண்டும். நல்ல நிலையில் இருந்தால் அதுவே இலவச யூபிஎஸ். எப்போதும் மின்னிணைப்பில் இருக்கும் பேட்டரியை 100 விழுக்காட்டில் நிறுத்தி வைப்பது அதன் ஆயுளைக் குறைக்கும் என்பதால், மாடல் இடம் கொடுத்தால், டிஎல்பி என்னும் மென்பொருள் வழியாக 60 விழுக்காட்டில் நிற்கும்படி வைக்கலாம்.

இயங்குதளம்

நான் லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனைப் பயன்படுத்துகிறேன். 2023இல் வந்த 12ஆம் பதிப்பு முதல், வைஃபை போன்றவற்றுக்குத் தேவையான கட்டற்றவை அல்லாத ஃபர்ம்வேர்களும் (கருவிகளை இயக்கும் உள் மென்பொருள்கள்) அதிகாரபூர்வ நிறுவல் கோப்பிலேயே சேர்க்கப்பட்டிருப்பதால், பழைய மடிக்கணினியில் நிறுவுவது முன்னைவிட எளிது. நிறுவும்போது வரைகலை முகப்பு எதையும் தேர்ந்தெடுக்காமல், வேறு கணினியிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவையகத்தை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். 4 ஜிபி ரேம் தாராளமாகப் போதும். இயங்குதளம் எஸ்எஸ்டியிலும் ஊடகக் கோப்புகள் ஹார்டு டிஸ்க்கிலும் இருக்கட்டும்.

மடிக்கணினிக்கென்றே உள்ள சிக்கல் ஒன்று: மூடியைச் சாத்தினால் அது உறங்கிவிடும். லாகின்டி அமைப்புக் கோப்பில் ஹேண்டில்லிட்ஸ்விட்ச் என்று தொடங்கும் வரியின் முன்னுள்ள குறியை நீக்கி, அதன் மதிப்பை 'இக்னோர்' என்று மாற்றிவிட்டு மறுதொடக்கம் செய்தால் அது தீரும்.

வெளிப்புற வட்டை லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு அமைப்பில் வடிவமைத்து, எஸ்ஆர்வி கோப்புறையின் கீழ் நிலையாக இணைத்துக்கொள்ளுங்கள். இணைக்க வேண்டிய வட்டுகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில், வட்டின் அடையாளமான யூயூஐடி எண்ணோடு 'நோஃபெயில்' என்ற சொல்லையும் மறவாமல் சேர்க்க வேண்டும். நான் அதை விட்டுவிட்டேன். ஓர் ஆடி மாத இரவில் மின்சாரம் நெடுநேரம் போய், பேட்டரியும் தீர்ந்து, மறுநாள் காலையில் பொத்தானை அழுத்தியபோது சேவையகம் வலையமைப்பில் தென்படவே இல்லை. மூடியைத் திறந்தால், வெளிப்புற வட்டைக் காணாததால் அவசரநிலை முகப்பில் கடவுச்சொல் கேட்டு நின்றுகொண்டிருந்தது. வட்டின் அடாப்டர் பிளக்கிலிருந்து கழன்றிருந்தது. அந்த ஒரு சொல் இருந்திருந்தால் வட்டு இல்லாமலேயே கணினி எழுந்திருக்கும், நானும் எங்கிருந்தும் உள்ளே போய்ப் பார்த்திருப்பேன்.

ஜெல்லிஃபின்

களஞ்சியத்தை நிர்வகிக்க ஜெல்லிஃபின்னைத் தேர்ந்தேன். எம்பி என்னும் மென்பொருள் தன் மூலநிரலை மூடியபோது, அதன் வெளிப்படையான கடைசி நிலையிலிருந்து 2018 டிசம்பரில் கிளைத்தது இது. சந்தா இல்லை, வெளியே எங்கும் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, இணையம் துண்டிக்கப்பட்டாலும் வீட்டுக்குள் படம் ஓடும். திட்டத்தின் தளத்தில் டெபியனுக்கான நிறுவல் வழி தரப்பட்டிருக்கிறது. நிறுவியபின், வீட்டில் உள்ள வேறு கணினியின் உலாவியில் சேவையகத்தின் ஐபி முகவரியோடு 8096 என்ற போர்ட் எண்ணைச் சேர்த்துத் திறந்தால் அமைப்புப் பக்கம் வரும். அதற்கு முன் ரவுட்டரில் அந்தக் கணினிக்கு மாறாத முகவரி ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். இல்லையேல் ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் டிவி சேவையகத்தைத் தேடி அலையும்.

புதிதாக நிறுவுவோர் பலரும் தடுமாறும் இடம், "நூலகம் காலியாக இருக்கிறது" என்பது. காரணம் ஏறக்குறைய எப்போதும் அனுமதிதான். ஜெல்லிஃபின் தன் பெயரிலேயே உள்ள ஒரு பயனராக இயங்குகிறது. அந்தப் பயனருக்குக் கோப்புறையைத் திறந்து படிக்கும் உரிமை இல்லாவிட்டால், கோப்புகள் இருந்தும் இல்லாததாகவே அது கருதும். வன்பொருள் டிரான்ஸ்கோடிங்கைப் பயன்படுத்துவோர் அதே பயனரை ரெண்டர் என்னும் குழுவிலும் சேர்க்க வேண்டும்.

குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்குத் தொடங்குங்கள். பிள்ளைகளின் கணக்குக்குத் தணிக்கைச் சான்றிதழ் வழியாக வடிகட்டுவதைவிட, அவர்களுக்கென்று தனி நூலகம் அமைத்து அதை மட்டும் திறந்துவிடுவது எளிது. தமிழ்ப் படங்கள் பலவற்றுக்குச் சான்றிதழ் விவரம், ஜெல்லிஃபின் சுவரொட்டியும் விவரமும் எடுக்கும் டிஎம்டிபி என்னும் திரைப்படத் தரவுத்தளத்தில் இருப்பதில்லை.

டிவியில் ஆண்ட்ராய்டு டிவியோ ஃபயர் டிவியோ எல்ஜியின் வெப்ஓஎஸ்ஸோ இருந்தால் ஜெல்லிஃபின் ஆப்பை அங்காடியிலிருந்தே நிறுவலாம். எச்டிஎம்ஐ துளை மட்டுமே உள்ள பழைய டிவிக்கு, ராஸ்பெரி பை 4 என்னும் சிறு கணினி ஒன்றில் லிப்ரெஎலெக் இயங்குதளத்தை நிறுவினால், படம் காட்டும் கோடி (Kodi) மென்பொருள் நேரடியாக எழும். 2014 வரை எக்ஸ்பிஎம்சி என்று அழைக்கப்பட்டது இதுதான். டிவியில் சிஇசி வசதி இருந்தால் டிவியின் ரிமோட்டே கோடியையும் இயக்கும். வீட்டுப் பெரியவர்களுக்கு இரண்டாவது ரிமோட் கொடுக்கத் தேவைப்படாதது பெரிய ஆறுதல்.

பெயரிடுதல்

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கோப்புறை. அதன் பெயர் படத்தின் பெயரும் அடைப்புக்குறிக்குள் ஆண்டும். ஆண்டைச் சோம்பலால் விட்டுவிட்டால் தமிழ்ப் படங்களில் நிச்சயம் குழப்பம் வரும். பில்லா என்று மட்டும் எழுதினால் 1980இல் வந்ததா 2007இல் வந்ததா என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? ஆண்டு கொடுத்தும் தவறான சுவரொட்டி வந்தால், டிஎம்டிபி தரவுத்தளத்தில் அந்தப் படத்துக்கு உள்ள எண்ணைக் கோப்புறைப் பெயரிலேயே சேர்த்துவிடலாம். தமிழ் எழுத்தில் பெயரிட்டாலும் கண்டறிய வாய்ப்பு உண்டு. திரைப்படங்களுக்கு ஆங்கில எழுத்து பாதுகாப்பானது, குடும்பப் பதிவுகளுக்குத் தமிழே பொருத்தம் என்பது என் வழக்கம்.

தமிழில் பெயரிடும்போது ஒரு கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ட்4 அமைப்பில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. எழுத்துகளைக் கணினியில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் ஆகிறது. 'காதுகுத்து' என்ற சொல்லில் நம் கண்ணுக்குத் தெரிவன ஐந்து எழுத்துகள். உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணினால் பத்துக் குறியீடுகள், ஆக 30 பைட். உறவுமுறை, ஊர், மண்டபம் எல்லாவற்றையும் சேர்த்து நீட்டி எழுதினால் எண்பத்தைந்து குறியீடுகளைத் தாண்டினால் கோப்பைச் சேமிக்க மறுத்துவிடும்.

தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள்: கோப்பு யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் இருக்கிறதா, சேவையகத்தில் தமிழ் எழுத்துரு இருக்கிறதா. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவி, ஜெல்லிஃபின் அமைப்பில் மாற்று எழுத்துருவாகக் காட்டினால் சரியாகிவிடும்.

நாடாக்களை ஏற்றுதல்

உண்மையான உழைப்பு இங்கேதான். விஎச்எஸ் நாடாவை எடுத்ததும் பிளேயரில் செருகாதீர்கள். மூடியின் கண்ணாடிப் பகுதி வழியாகச் சுருளின் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பொடியோ சிலந்திவலை போன்ற படலமோ தெரிந்தால் அது பூஞ்சை. அதை ஓட்டினால் பிளேயரின் தலைப்பகுதி அழுக்காகி, அடுத்து ஓடும் நல்ல நாடாக்களுக்கும் பரவும். எங்கள் பதினொன்றில் மூன்று அப்படி இருந்தன. அவற்றைத் தனியே உறையிலிட்டு வைத்திருக்கிறேன், தொழில்முறையாகத் தூய்மை செய்வோரிடம்தான் கொடுக்க வேண்டும்.

நல்ல நாடாவை முதலில் ஒருமுறை முழுவதும் முன்னோட்டிப் பின்னோட்டுங்கள். ஆண்டுக்கணக்கில் இறுகிய சுருள் தளர்ந்து சீராக ஓடும். பிளேயரின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகளை யூஎஸ்பி வீடியோ கேப்சர் கருவியில் இணைத்து, ஓபிஎஸ் மென்பொருளில் பதியலாம். இந்தியாவில் பதிவான நாடாக்கள் பால் (PAL) என்னும் ஒளிபரப்பு முறையில் இருப்பதால் 720க்கு 576 அளவும் விநாடிக்கு 25 பிரேமும் தேர்ந்தெடுக்க வேண்டும். அமெரிக்க முறையில் விட்டால் படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ வரும். அசையும் கையின் விளிம்பில் சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரிந்தால், அது ஒற்றை வரிகளையும் இரட்டை வரிகளையும் மாறி மாறிப் பதியும் இன்டர்லேஸ் முறையின் விளைவு. பதியும்போது அதைத் தொடாமல், பிறகு எஃப்எஃப்எம்பெக் என்னும் வடிவமாற்ற மென்பொருளின் பிடபிள்யூடிஃப் வடிகட்டியால் விநாடிக்கு 50 பிரேமாக விரித்தால் அசைவு இயல்பாகத் தெரியும். மூன்று மணி நேர நாடாவை விநாடிக்கு 5 மெகாபிட் அளவில் எச்.264ஆகச் சேமித்தால் ஏறத்தாழ 7 ஜிபி ஆகும்.

மூன்று மணி நேர நாடாவைப் பதிய மூன்று மணி நேரம்தான் ஆகும், குறுக்குவழி கிடையாது. 'தம்பி காதுகுத்து, 1993' ஓடியபோது, தாய்மாமன் மடியில் தம்பி வீறிடும் இடத்தில் ஒலி பத்து விநாடி அறுந்துபோயிருந்தது. டிராக்கிங் குமிழைத் திருப்பி மறுமுறை ஓட்டியதில் அது மீண்டது. ஆகவே பதிவை ஓடவிட்டுக் கடைக்குப் போய்விடாமல், ஒருவர் அருகில் இருப்பது நல்லது. வீட்டில் யாரும் எழுந்து போக மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

ஆடியோ கேசட்டுகளுக்கு ஆடாசிட்டி என்னும் ஒலிப்பதிவு மென்பொருள் போதும். பெரும்பாலான மடிக்கணினிகளின் மைக் துளை ஒற்றைத் தடம் மட்டுமே வாங்கும் என்பதால், லைன் இன் உள்ள சிறு யூஎஸ்பி சவுண்டு கார்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதவாறு வைத்து, தரம் குறையாத ஃப்ளாக் வடிவில் சேமியுங்கள். இரைச்சல் நீக்கத்தை நகலில் மட்டும் செய்து பாருங்கள். பாட்டியின் தாலாட்டில் இரைச்சலை மிகையாக நீக்கியபோது அவர் தகரக் குழாய்க்குள்ளிருந்து பாடுவது போலாகிவிட்டது.

கம்பியும் தொலைவும்

சேவையகத்தை வைஃபையில் விடாமல் ரவுட்டரோடு கேபிளில் இணைத்துவிடுங்கள். அடுக்ககங்களில் அண்டை வீட்டார் ரவுட்டர்கள் எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸில் முட்டிக்கொள்கின்றன. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்துக் குடியேறிய வீட்டில் சுவரைத் துளைக்க மனம் வராது. கதவு நிலையின் ஓரமாக ஒட்டு கிளிப்புகள் வைத்து தட்டையான கேட்6 கேபிளை ஓட்டினால் போதும். டிவியின் ஈதர்நெட் துளை 100 மெகாபிட் வேகம்தான் தரும் என்றாலும், முழு எச்டி படம் ஒன்றுக்கு 10 மெகாபிட் அளவே தேவை.

ஊரில் உள்ள அம்மாவும் பார்க்க வேண்டுமானால், ரவுட்டரில் போர்ட்டைத் திறந்து ஜெல்லிஃபின்னை இணையத்தில் விடாதீர்கள். பல வீட்டு இணைப்புகளில் தனிப் பொது ஐபி கிடைப்பதில்லை என்பதால் அது இயங்காமலும் போகலாம். பொது ஐபி உள்ளவர்கள் 2020 முதல் லினக்ஸ் கருவிலேயே இடம்பெற்றிருக்கும், வெளியிலிருந்து வீட்டு வலையமைப்புக்குப் பாதுகாப்பான தனிவழி தரும் வயர்கார்டை அமைக்கலாம். இல்லாதவர்களுக்கு அதன்மேல் கட்டப்பட்ட டெய்ல்ஸ்கேல் எளிது. ஆனால் அதன் ஒருங்கிணைப்புச் சேவையகம் கட்டற்றதல்ல. அது உறுத்தினால், அந்தச் சேவையகத்துக்குக் கட்டற்ற மாற்றாக ஹெட்ஸ்கேல் உண்டு.

இறுதியாக நகல். திரைப்படக் கோப்பு போனால் டிவிடியிலிருந்து மறுபடி எடுக்கலாம். நாடா அடுத்த முறை ஓடும் என்று சொல்ல முடியாது. அதனால் குடும்பப் பதிவுகள் உள்ள கோப்புறையை மட்டும் ஆர்சிங்க் கட்டளை ஒவ்வொரு ஞாயிறு இரவும் இரண்டாவது வட்டுக்கு நகலெடுக்கிறது. மூன்றாவது நகல் நாமக்கல்லில் அம்மாவின் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், துணிப்பையில் இருக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது அதை எடுத்துப் புதுப்பித்து, ஸ்மார்ட் எண்களை ஒருமுறை பார்த்துவிட்டு, தேதி எழுதிய சீட்டை மாற்றி ஒட்டி மீண்டும் அங்கேயே வைக்கிறேன்.